அள்ளிய மணல் எங்கே போகும்?

1990-களின் கடைசியில், அமெரிக்காவின் கொலம்பியா ஆற்று முகத்துவாரத்தில் உள்ள ரைஸ் தீவில் கோதுமை விதைத்தார்கள். அந்தக் கோதுமையை யாரும் அறுக்கவில்லை. வெறும் மணலாகக் கிடந்த தீவு பச்சை போர்த்திக்கொண்டால், அங்கே முட்டையிட வரும் பறவைகள் வேறு இடம் பார்த்துப் போய்விடும் என்று விதைத்த கோதுமை அது. பயிரோடு நிற்காமல், மணலின் குறுக்கே துணித் தடுப்புகளையும் கட்டினார்கள். அதே வேளையில், கடலுக்கு இன்னும் அருகே இருக்கும் ஈஸ்ட் சாண்ட் தீவில் செடிகொடிகளை அகற்றி மணலைத் திறந்துவிட்டார்கள். அங்கே பொம்மைப் பறவைகளை நிறுத்தி, ஒலிபெருக்கியில் பறவைக் கூட்டத்தின் இரைச்சலை ஒலிக்கவிட்டார்கள். ஒரு தீவில் விரட்டலும் இன்னொரு தீவில் வரவேற்பும் ஒரே சமயத்தில் நடந்தன.

அந்தப் பறவை காஸ்பியன் ஆலா. சிவந்து பருத்த அலகும் கறுத்த தலையும் கொண்ட இதே இனம்தான் குளிர்காலத்தில் கோடியக்கரைக்கும் பழவேற்காட்டுக்கும் வருகிறது. 1998-ல் ரைஸ் தீவில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட இணைகள் கூடுகட்டியிருந்தன. அன்று உலகில் அறியப்பட்ட காஸ்பியன் ஆலாக் குடியிருப்புகளில் அதுவே மிகப் பெரியது. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் இந்தப் பறவைகள் குஞ்சுக்கு என்ன கொண்டுவருகின்றன என்று உட்கார்ந்து எண்ணினார்கள். உணவில் முக்கால் பங்கு இளம் சால்மன் மீன். அந்த ஓராண்டில் மட்டும் ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் இளம் சால்மன்கள் ஆலாக்களின் வயிற்றுக்குப் போயின என்று கணக்கு வந்தது.

சால்மன் ஆற்றில் பிறந்து, கடலுக்கு இறங்கி வளர்ந்து, மறுபடியும் பிறந்த ஓடைக்கே முட்டையிட ஏறிவரும் மீன். மேட்டூர் அணைக்கு முந்தைய காலத்தில் காவிரியில் ஏறிவந்த உல்லத்தை நினைத்துக்கொள்ளலாம். கொலம்பியாவின் சால்மன் வகைகளில் பலவும் அருகிவரும் உயிரினங்கள் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. அணைகளில் மீன் ஏற ஏணி கட்டியும், மீன் பண்ணைகளில் குஞ்சு பொரித்து விட்டும், அவற்றைக் காப்பாற்ற அந்த நாடு பெரும் பணம் செலவழிக்கிறது. அவ்வளவு பாடுபட்டுக் கடல்வரை வந்துசேர்ந்த மீனை, கடைசி முப்பது கிலோமீட்டரில் ஒரு தீவு தின்றுகொண்டிருந்தது.

அந்தத் தீவு எப்படி வந்தது? கப்பல் வழிக்காக ஆற்றைத் தூர்வாரியவர்கள், அள்ளிய மணலைக் கொட்டிக் கொட்டி உருவாக்கிய தீவு அது. கொட்டும் நாளில் அது ஓர் எளிய முடிவு. மணலுக்கு இடம் வேண்டும், பக்கத்தில் ஆழமில்லாத இடம் இருக்கிறது, கொட்டு. செடி முளைக்காத, நரி எட்டாத, நடு ஆற்று மணல் மேடு ஆலாவுக்கு எப்படிப்பட்ட சொர்க்கம் என்று அன்று யாரும் கேட்கவில்லை.

ஆற்றைத் தூர்வாரும் திட்டம் என்றால் எத்தனை அடி ஆழம், எத்தனை கோடி செலவு என்றுதான் பேசுகிறோம். அள்ளிய மணல் எங்கே போகும் என்பதே அதில் முதல் கேள்வி என்பது என் உறுதியான எண்ணம். கொலம்பியா ஆறு எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது.

நம் ஊரில் தூர்வாருதல் என்றதும் ஏரியும் கண்மாயும்தான் நினைவுக்கு வரும். அங்கே மண் எங்கே போகும் என்பதற்கு விடை தயாராக இருந்தது. வண்டல் வண்டியேறி வயலுக்குப் போகும். கொலம்பியாவின் கப்பல் வழியில் கிடைப்பது வண்டல் அன்று. உணவு உப்பின் பருமனுள்ள, அலசி விட்டதுபோன்ற மணல். வயலில் அதற்கு வேலையில்லை. அளவோ மலைக்க வைப்பது. ஆற்று வழியைப் பராமரிக்க மட்டும் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 45 முதல் 60 லட்சம் கன மீட்டர் மணல் அள்ளுகிறார்கள். டிப்பர் லாரிக்குப் பத்து கன மீட்டர் என்று வைத்தால் ஐந்து லட்சம் லோடு. அடுத்த ஆண்டு மறுபடியும் ஐந்து லட்சம் லோடு.

கொலம்பியா கனடாவின் மலைகளில் பிறந்து சுமார் 2,000 கிலோமீட்டர் ஓடி, ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களுக்கு நடுவே பசிபிக் கடலில் சேர்கிறது. கடலிலிருந்து சுமார் 165 கிலோமீட்டர் உள்ளே, போர்ட்லண்ட், வான்கூவர் துறைமுகங்கள்வரை பெருங்கப்பல்கள் வருகின்றன. (இந்த வான்கூவர் வாஷிங்டன் மாநிலத்தில் இருப்பது. கனடாவின் வான்கூவர் வேறு.) அமெரிக்கக் கோதுமை ஏற்றுமதியின் மிகப் பெரிய வாசல் இந்த ஆறு. ரயிலிலும் பார்ஜ் படகுகளிலும் வரும் தானியம் இங்கே கப்பலேறி ஆசிய நாடுகளுக்குப் போகிறது.

கப்பல் பெரிதாகப் பெரிதாக ஆறும் ஆழமாக வேண்டியிருந்தது. 1878-ல் 20 அடி என்று தொடங்கிய இலக்கு 25, 30, 35 என்று ஏறி, 1976-ல் 40 அடியாக முடிந்தது. பிறகு வந்தது 43 அடித் திட்டம். மூன்றே அடிக்காகவா இத்தனை பாடு என்று தோன்றும். பெரிய தானியக் கப்பல் ஒன்று கூடுதலாக ஓரடி அமிழ்ந்து மிதக்க முடிந்தால் ஏறத்தாழ 2,000 டன் சரக்கை அதிகமாக ஏற்றலாம். மூன்று அடிக்கு 6,000 டன். அதே கப்பல், அதே மாலுமிகள், அநேகமாக அதே எரிபொருள். வணிகருக்கு அந்த மூன்று அடியின் அருமை புரியும். இதில் ஒரு சின்ன இயற்பியலும் உண்டு. நன்னீரின் அடர்த்தி கடல்நீரைவிடக் குறைவு என்பதால், ஆற்றில் சரக்கேற்றும் கப்பல் கடலில் மிதப்பதைவிட ஏறத்தாழ ஓரடி கூடுதலாக அமிழ்ந்திருக்கும். ஓடத் தொடங்கியதும் அடியில் விரையும் நீரின் அழுத்தம் குறைந்து இன்னும் சற்று இறங்கும். எனவே கப்பலின் அமிழ்வு அளவுக்கே தோண்டினால் போதாது. அடியில் மிச்சம் வைக்க வேண்டும்.

இனி மணல். ஆற்றின் அடித்தளத்தைத் தட்டையான தரை என்று கற்பனை செய்யக் கூடாது. பாலைவன மணல்மேடுகளைப் போலவே ஆற்றுக்கடியிலும் மணல் அலைகள் உண்டு. கொலம்பியாவில் அவை ஆளுயரத்தைத் தாண்டியும் எழும். நீரோட்டம் மணலை மேட்டின் சாய்ந்த முதுகில் உருட்டி ஏற்றி, உச்சியில் கொண்டுபோய்ச் செங்குத்தான மறுபக்கத்தில் தள்ளிவிடும். ஒவ்வொரு மணியும் இப்படி ஏறி விழ, மேடு மொத்தமும் மெல்ல மெல்லக் கீழ்நோக்கி நகரும். ஆகவே தூர்வாருபவர்கள் ஆற்றைத் தொட்டிபோல முழுநீளத்துக்கும் தோண்டுவதில்லை. இயற்கையாகவே 43 அடிக்கும் ஆழமான இடங்கள் நிறைய உண்டு. கப்பல் வழிக்குள் தலைநீட்டும் மணல் அலைகளின் உச்சிகளைத்தான் சீவுகிறார்கள். சீவிய இடத்துக்கு மேலிருந்து அடுத்த அலை வந்துசேரும். கரையோரச் சரிவும் மெல்லச் சறுக்கி உள்ளே வரும். வேலை தீராததற்குக் காரணம் இதுதான்.

மணலைக் கொட்டும் இடம் கவனமாகத் தேர்ந்தெடுக்கப்படாவிட்டால், இந்த ஆண்டு அள்ளிய அதே மணலை அடுத்த ஆண்டும் அள்ள வேண்டிவரும். கரைக்குப் பக்கத்தில் கொட்டினால் அலையும் கப்பல் எழுப்பும் நீரும் அதை மறுபடி வழிக்குள் இழுத்து வந்துவிடும். ஆழமான மடுவில் கொட்டினால் நீரோட்டம் அதை வாங்கிக்கொள்ளும். ஆனால் எவ்வளவு வாங்கும், எங்கே கொண்டுபோய் வைக்கும் என்பதை அளந்துதான் சொல்ல முடியும்.

அள்ளும் கருவிகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, தன் வயிற்றிலேயே மணலைச் சேமிக்கும் கப்பல். பக்கவாட்டில் இரண்டு நீண்ட குழாய்கள் ஆற்றின் அடியில் இழுபட்டபடி வர, நாம் வீட்டில் தூசி உறிஞ்சும் கருவியைப்போல மணலையும் நீரையும் சேர்த்து உறிஞ்சும். வயிறு நிறைந்ததும் வேறிடம் போய் அடிக்கதவுகளைத் திறந்துவிடும். இந்த வழியைப் பராமரிக்கும் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படைக்குச் சொந்தமான எஸ்ஸேயன்ஸ் என்ற கப்பல் 1980-களின் தொடக்கத்திலிருந்து இந்த வேலையில் இருக்கிறது. இரண்டாவது வகை, சுழலும் வெட்டுத்தலையால் மணலைக் கிளறி, குழாய் வழியாகக் கரைக்கோ தீவுக்கோ நேரடியாகத் தள்ளும் மிதவை. முதல் வகைக்கு உறிஞ்சும் வாய்தான் ஆபத்து. அதைத் தரையைவிட்டு மேலே தூக்கியபடி இயக்கினால் நீரில் நீந்தும் மீன் குஞ்சுகளையும் சேர்த்து இழுத்துவிடும். வாய் தரையில் பதிந்திருக்கும்போது மட்டுமே பம்பு ஓட வேண்டும் என்ற விதி சுற்றுச்சூழல் ஆய்வின் பலனாக வந்தது. பெரிய செலவில்லாத விதி. எத்தனை உயிர்களைக் காக்கிறது!

ஆறு தன் பங்குக்கு ஒருமுறை எல்லாக் கணக்கையும் புரட்டிப்போட்டது. 1980 மே 18 அன்று செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடித்தபோது சேறும் சாம்பலும் கிளையாறுகள் வழியே இறங்கி, ஆற்றங்கரை நகரான லாங்வியூ அருகே 40 அடி ஆழமிருந்த கப்பல் வழியை ஒரே இரவில் 14 அடியாக்கிவிட்டது. பெருங்கப்பல்கள் நகர முடியாமல் நின்றன. அவசரத் தூர்வாரல் நடந்தது. 1989-ல் டூட்டில் கிளையாற்றின் குறுக்கே சேற்றைத் தடுக்க ஒரு தனி அணையே கட்டினார்கள். எரிமலை மண் இன்றும் அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

43 அடித் திட்டத்துக்கு வருவோம். 1999-ல் ராணுவப் பொறியாளர் படை சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையை முடித்தது. அதே ஆண்டு நாடாளுமன்றமும் ஒப்புதல் தந்தது. எல்லாம் முடிந்தது என்று தோன்றிய இடத்தில் திட்டம் நின்றது. சால்மனைக் காக்கும் பொறுப்புள்ள தேசியக் கடல் மீன்வளச் சேவை, தான் ஏற்கெனவே கொடுத்திருந்த உயிரியல் ஒப்புதலை 2000 ஆகஸ்டில் திரும்பப் பெற்றது. மறுமாதம் ஓரிகன், வாஷிங்டன் இரண்டு மாநிலங்களும் தூய நீர்ச் சட்டத்தின்கீழ் தரவேண்டிய சான்றை மறுத்தன. ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு வழக்கும் தொடர்ந்திருந்தது.

வளர்ச்சியை விரும்புவோர் பலர் இந்தக் கட்டத்தில் பொறுமை இழப்பார்கள். மீனுக்காகக் கப்பலை நிறுத்துவதா என்று கேட்பார்கள். நடந்ததைப் பார்த்தால், அந்த நிறுத்தம்தான் திட்டத்துக்கு அறிவு கொடுத்தது. 2001-ல் திட்டத்தோடு தொடர்பில்லாத அறிவியலாளர்கள் அடங்கிய குழு ஒன்றை அமர்த்தினார்கள். அரசுத் துறைகள் தங்கள் தரவுகளை அந்தக் குழுவின் முன் வைத்து வாதாட வேண்டும். வாதம் பொதுமக்கள் வந்து கேட்கும்படி திறந்த பட்டறைகளில் நடந்தது.

அங்கே எழுந்த கேள்விகள் நுட்பமானவை. கடல்நீர் கனமானது, ஆகவே முகத்துவாரத்தில் அது நன்னீருக்கு அடியில் ஆப்புபோல நுழைகிறது. வழியை ஆழமாக்கினால் அந்த உப்பு ஆப்பு இன்னும் உள்ளே போகுமா? உப்பும் நன்னீரும் மோதும் இடத்தில் நீர் கலங்கி, மட்கிய பொருள்கள் சேர்ந்து, நுண்ணுயிர்களுக்கும் சிற்றுயிர்களுக்கும் விருந்தாகிறது. அந்தக் கலங்கல் இடம்பெயர்ந்தால், அதை நம்பியிருக்கும் உணவுச் சங்கிலி என்னாகும்? இளம் சால்மன் கரையோர ஆழமற்ற நீரிலும் சதுப்பிலும் பதுங்கி இரைதேடி, உப்பு நீருக்கு உடலைப் பழக்கிக்கொள்கிறது. தூர்வாருவதால் அந்த ஆழமற்ற பகுதிகள் சரியுமா? ஒன்றைச் சார்ந்து இன்னொன்று பிழைபடக் கூடாது என்பதற்காகத் தனித்தனியாக உருவாக்கிய கணினி மாதிரிகளை ஓட்டி ஒப்பிட்டார்கள். உப்பின் நகர்வு சிறியதாகவே இருக்கும் என்று விடை வந்தது. மணல் பருமனானது என்பதால் அதில் நச்சுப்பொருள்கள் ஒட்டுவது குறைவு என்பதும் சோதனைகளில் தெரிந்தது. பூச்சிக்கொல்லியின் மிச்சங்கள் நுண்ணிய சேற்றைத்தான் பற்றிக்கொள்ளும்.

சிறிய விளைவு என்று சொன்னதோடு விட்டுவிடவில்லை என்பதைத்தான் முக்கியமாகக் கருதுகிறேன். சொன்னது சரியா என்று ஆழப்படுத்தும்போதும் முடிந்த பிறகும் அளக்க வேண்டும், தவறினால் வேலையை மாற்ற வேண்டும் என்று திட்டத்துக்குள்ளேயே எழுதினார்கள். திருத்திய அறிக்கை 2003-ல் வந்தது. மாநிலங்கள் சான்று கொடுத்தன. வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை போய் 2006-ல் அரசுக்குச் சாதகமாக முடிந்தது. அங்கும் நீதிபதிகள் ஒருமனதாக இல்லை. 2005-ல் தொடங்கிய ஆழப்படுத்தல் 2010 நவம்பரில் நிறைவடைந்தது.

மக்கள் கருத்து என்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1970 முதல் நடைமுறையில் உள்ள தேசிய சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டத்தின்கீழ், என்னென்ன ஆராய வேண்டும் என்பதையே முதலில் மக்களிடம் கேட்பார்கள். அன்றைய விதிப்படி வரைவு அறிக்கைக்குக் குறைந்தது 45 நாள் கருத்துச் சொல்லலாம். சாரமுள்ள கருத்து எதுவானாலும் இறுதி அறிக்கையில் பதில் எழுதியாக வேண்டும். படித்தோம், குறித்துக்கொண்டோம் என்று தப்ப முடியாது. அந்தப் பொது விதிகளையே அமெரிக்க அரசு 2025-ல் நீக்கிவிட்டது. சட்டம் இருக்கிறது, விதிமுறை ஒவ்வொரு துறையின் கைக்கும் போய்விட்டது. இது வருந்தத்தக்க மாற்றம் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஏனென்றால் இந்த ஆற்றில் மக்கள் சொன்ன பல செய்திகள் எந்தப் பொறியாளரின் வரைபடத்திலும் இல்லாதவை.

வழிவலைக்காரர்களை எடுத்துக்கொள்வோம். வரைபடத்தில் பார்த்தால் ஆற்றின் ஒரு மடு வெறும் ஆழம், மணல் கொட்டத் தோதான இடம். அங்கே தலைமுறைகளாகச் சால்மனுக்கு வலைவிடும் மீனவருக்கு அது பாடு. பழவேற்காட்டில் எந்த இடத்தில் யாருக்கு முறை என்று பாடு பிரித்துக்கொள்வதைப் போலவே, கொலம்பியாவின் மீனவர்களும் குழுவாகச் சேர்ந்து, வலையைக் கிழிக்கும் அடிமரங்களையும் கட்டைகளையும் முக்குளித்து அகற்றி, தங்கள் பாட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு கப்பல் மணலைக் கொட்டினால் ஒரு குடும்பத்தின் பிழைப்பு மூடப்படும். இதை எந்த ஒலிமானியும் காட்டித் தராது.

முகத்துவாரத்தின் நண்டு மீனவர்கள் சொன்னது இன்னும் கூர்மையானது. 1792 முதல் ஏறத்தாழ 2,000 கலங்களை விழுங்கியதாகச் சொல்லப்படும் முகத்துவாரம் அது. பசிபிக்கின் இடுகாடு என்றே அதற்குப் பெயர். ஆற்றின் வாயை ஒடுக்கி நீரோட்டத்தை விரைவாக்க 1885 முதல் நேர்கல் சுவர்கள் கட்டினார்கள். ஆண்டுதோறும் அங்கே அள்ளும் மணலை அருகிலேயே கடலில் குறித்த இடங்களில் கொட்டிவந்தார்கள். அலை அதைக் கலைத்துவிடும் என்பது எதிர்பார்ப்பு. கலையவில்லை. கடலடியில் மேடு எழுந்தது. அடித்தளம் மேடானால் மேலே அலை உயர்ந்து செங்குத்தாகும் என்பது கடற்கரையில் பிறந்த எவருக்கும் தெரியும். அந்த அலையில்தான் தங்கள் படகு போகிறது என்று மீனவர்கள் சொன்னார்கள். அளந்து பார்த்தபோது மேடுகள் இருந்தன.

பின்னர் 2005-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இரண்டு புதிய இடங்களை முறைப்படி அறிவித்தது. ஒன்று வெகு ஆழத்தில். அங்கே அலைக்கு ஆபத்தில்லை, ஆனால் மணல் கரைக்கு நிரந்தர இழப்பு. மற்றொன்று முகத்துவாரத்தின் பக்கத்தில், ஆழமற்ற நீரில். அங்கே கொட்டும் மணலை அலை மெல்ல வடக்கே இழுத்துப் போய் வாஷிங்டன் கரைக்கு ஊட்டும். மேலே அணைகள் வெள்ளத்தை அடக்கியதால் ஆறு கடலுக்குக் கொண்டுசேர்க்கும் மணல் குறைந்து, அந்தக் கரை அரிக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. ஆழமற்ற இடமே நல்லது என்று கரைவாசிகள் சொல்ல, அங்கேதான் எங்கள் நண்டு இருக்கிறது என்று மீனவர்கள் சொன்னார்கள். இருவர் சொல்வதும் நியாயம். மணலைக் குவியலாகக் கொட்டாமல், கப்பலை ஓட்டிக்கொண்டே மெல்லிய படலமாகத் தூவினால் நண்டு பிழைக்குமா என்று ஆய்வகத் தொட்டியிலும் கடலடியில் கேமரா இறக்கியும் சோதித்தார்கள். மெல்லிய படலமாக விழுந்தால் பெரும்பாலான நண்டுகள் கிளறிக்கொண்டு வெளியே வந்துவிடுகின்றன என்று தெரிந்தது. அந்தக் கேள்வியைக் கேட்டவர் மீனவர். விடை தேடியவர் அறிவியலாளர்.

யக்காமா, உமட்டிலா, வார்ம் ஸ்பிரிங்ஸ், நெஸ் பெர்ஸ் பழங்குடிகளின் நிலை வேறு. 1855 ஒப்பந்தங்களின்படி வழக்கமான இடங்களில் மீன்பிடிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. அவர்கள் கருத்துச் சொல்லும் பொதுமக்கள் மட்டுமல்லர், அரசோடு அரசாகப் பேச வேண்டியவர்கள். பிடிக்க மீன் இல்லாத ஆற்றில் மீன்பிடி உரிமைக்கு என்ன பொருள் என்று அவர்கள் கேட்பதற்கு, தூர்வாரும் திட்டமும் பதில் சொல்ல வேண்டும்.

பொருளாதாரக் கணக்கிலும் வெளியார் தலையீடு தேவைப்பட்டது. 2002-ல் போர்ட்லண்டின் ஓரிகோனியன் நாளிதழ், திட்டத்தின் பலன்கள் மிகைப்படுத்தப்பட்டுள்ளன என்று கணக்கைப் பிரித்து எழுதியது. அரசு வெளிப் பொருளாதார நிபுணர்களை வைத்து மறுபடி கணக்கிட வேண்டிவந்தது. பிறகு நடந்தது பலனுக்கும் மிகைக்கும் ஒருசேரச் சாட்சி. லாங்வியூவில் 2012-ல் புதிய தானிய முனையம் திறந்தது, தானிய ஏற்றுமதி செழித்தது. போர்ட்லண்டின் கண்டெய்னர் வணிகமோ, தொழிலாளர் தகராறுக்கு நடுவே 2015-ல் ஹான்ஜின் நிறுவனம் விலகியதும் படுத்துவிட்டது. ஆழத்தைத் தோண்டலாம், கப்பல் வரும் என்று உறுதி சொல்ல முடியாது.

ஆலாக்கள் என்ன ஆயின? 2001-க்குள் அவை முழுவதும் ஈஸ்ட் சாண்ட் தீவுக்குக் குடிபெயர்ந்தன. அங்கே கடல் மீன்கள் அருகிலிருப்பதால் உணவில் சால்மனின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கியது. இடத்தை இருபத்தைந்து கிலோமீட்டர் மாற்றியதிலேயே ஆண்டுக்குப் பல லட்சம் மீன்கள் தப்பின. இதை வெற்றி என்று எழுதி முடித்துவிட ஆசைதான். ஆனால் அதே ஈஸ்ட் சாண்ட் தீவில் நீர்க்காகங்கள் பெருகின. 2015 முதல் அவற்றைச் சுட்டும் முட்டைகளில் எண்ணெய் தடவியும் குறைத்தார்கள். பறவைகள் தீவைக் கைவிட்டு, ஆற்றில் அதற்கு மேலே தள்ளி இருக்கும் அஸ்டோரியா பாலத்தில் குடியேறின. அங்கே கடல் மீன் குறைவு. ஒவ்வொரு நீர்க்காகமும் முன்னைவிட அதிகச் சால்மனைத் தின்னத் தொடங்கியது. ஆலாவிடம் கற்ற பாடம் நீர்க்காகத்திடம் மறந்துபோனது.

ரைஸ் தீவின் கதையும் முடியவில்லை. வரிக்கொம்பு வானம்பாடி என்ற சின்னஞ்சிறு பறவை, செடி அடராத வெட்டவெளியில் மட்டுமே கூடுகட்டும். அதன் பழைய புல்வெளிகளும் ஆற்றுத் திட்டுகளும் போய்விட்டன. வெள்ளம் அடங்கிவிட்டதால் புதுத் திட்டுகளும் உருவாவதில்லை. இன்று அதற்கு மிஞ்சிய புகலிடங்களில் முக்கியமானவை தூர்வாரிய மணல் கொட்டிய தீவுகள், ரைஸ் தீவும் சேர்த்து. 2013-ல் சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் அது சேர்ந்தது. இனி அங்கே மணல் கொட்டாமல் விட்டால் செடி மூடி வானம்பாடி வீடிழக்கும். கூடுகட்டும் பருவத்தில் கொட்டினால் குஞ்சுகள் புதையும். ஆகவே எந்தத் தீவின் எந்தப் பகுதியில், எந்த ஆண்டு, எந்த மாதம் கொட்டுவது என்று முறைவைத்துக் கொட்ட வேண்டியிருக்கிறது. ஒரு காலத்தில் கொட்டு என்ற ஒரே சொல்லில் முடிந்த வேலை அது.

43 அடியை அடுத்த இருபது ஆண்டுகளுக்குப் பராமரிப்பது எப்படி என்று பொறியாளர் படையும் ஆற்றுத் துறைமுகங்களும் இப்போது வகுக்கும் திட்டத்தின் மையப்பொருளும் இதுதான். பழைய இடங்கள் நிரம்பிவருகின்றன. அள்ளப்போகும் மணலுக்கு இடம் தேட வேண்டும்.

நம் நாட்டில் 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, துறைமுகத்துக்கும் கப்பல் வழிக்கும் புதிதாக ஆழம் தோண்டுவது முன் அனுமதி பெற வேண்டிய பணி. முன்பே அனுமதி பெற்ற திட்டத்தில் அடங்கிய பராமரிப்புத் தூர்வாரலுக்கு விலக்கு உண்டு. கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தினால் குறைந்தது 30 நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும், அறிக்கையின் சுருக்கத்தை மக்களின் மொழியிலும் வைக்க வேண்டும். உங்கள் ஊர் முகத்துவாரத்துக்கு அப்படியோர் அறிவிப்பு வந்தால், அந்த முப்பது நாளை வீணாக்காதீர்கள். மணல் கொட்டும் இடத்தின் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். அதை எடுத்துக்கொண்டு, அந்த நீரில் வலைவிடுகிற ஒருவரிடம் போய்க் காட்டுங்கள். அவர் சொல்வதை எழுதி, கையெழுத்திட்டு, கூட்டத்தில் பதிவு செய்யுங்கள்.